இனிப்பு நீர், கொதிப்பு, 3/12

"கக்கூஸ்ல எறும்பே வரலை மிஸ்ஸி. இனிப்பு நீர் போயிடுச்சு." இனிப்பு நீர் என்றால் நீரிழிவு; சிறுநீரில் சர்க்கரை இருந்தால் எறும்பு மொய்க்கும். அப்படிச் சொன்னவர் முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய பாட்டி. நம்பிக்கையோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தேன்: இரத்தச் சர்க்கரை 10.8.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் அரசாங்க கிளினிக்கில் தாதியாக, இங்கே சொல்வதுபோல் 'மிஸ்ஸி'யாக, இருக்கிறேன். பாட்டி மேல் தப்பில்லை. நாம் வைத்த பெயர் அப்படி. மலாயிலும் 'கென்சிங் மானிஸ்', அதே அர்த்தம்தான். ஆனால் நோய் இருப்பது இரத்தத்தில். சர்க்கரை சுமார் 10ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். வயதானவர்களுக்கு அதற்கும் மேலே ஏற வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் 7 இருந்தாலே நீரிழிவு என்று சந்தேகப்படுகிறோம். 7க்கும் 10க்கும் நடுவில் எந்த எறும்பும் வந்து சொல்லாது.

இந்த நம்பரிலேயே இன்னொரு குழப்பம். லோரி ஓட்டும் ஐயா ஒருவர் தமிழ்நாட்டு வீடியோவில் 126ஐத் தாண்டக் கூடாது என்று கேட்டிருக்கிறார். "எனக்கு வெறும் 12தானே" என்றார். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு, இங்கே லிட்டருக்கு மில்லிமோல். நம் நம்பரை 18ஆல் பெருக்கினால் அவர்கள் நம்பர் வரும். அவருடைய 12 அங்கே 216. கணக்குப் போட்டுக் காட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரத்தக் கொதிப்பும் இப்படித்தான். கோபம் வந்த அன்றும் தலை வலித்த அன்றும் மட்டும் மாத்திரை போடுகிறவர்கள் நிறைய. எதுவும் கொதிப்பதில்லை. மேல் நம்பர் 160 இருக்கும்போதும் உடம்பு நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். மாத்திரை தினமும் வேண்டும்.

அப்புறம், நாங்கள் எழுதும் குறிப்புகள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் ஓர் அக்கா வந்தார். "அடுத்த வாரம் 3ஆம் தேதி கண் சோதனை, லீவு சொல்லிட்டேன்" என்று சீட்டை நீட்டினார். 'டிசிஏ 3/12' என்று கிறுக்கியிருந்தது. டிசிஏ என்றால் மறுபடி வரவும். 3/12 என்றால் டிசம்பர் 3 இல்லை, மூன்று மாதத்தில். வருடத்துக்கு 12 மாதம் என்பதால் கீழே 12. வாரம் என்றால் 52, நாள் என்றால் 7. சீட்டு எழுதியது பிப்ரவரியில். மே மாதம் பார்த்திருக்க வேண்டிய கண், இனிப்பு நீர்க்காரரின் கண், ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது.

சீட்டு புரியாவிட்டால் கவுண்டரை விட்டு நகராதீர்கள். "மிஸ்ஸி, இது தேதியா, மாசமா?" என்று கேளுங்கள். பின்னால் எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் அனுப்புவோம்.

அந்த அக்காவுக்காக அன்றே போன் போட்டுப் புதுத் தேதி வாங்கினேன். சீட்டின் பின்னால் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: ஜனவரி 9, காலை 8 மணி. கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.