நோரோய்: சாபம் இட்டவரும் பட்டவரும்

ஜுஜுட்சு கைசென் என்ற ஜப்பானிய அனிமே பார்க்கும் நம் பிள்ளைகள் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஒரு சொல் ஓயாமல் வந்து விழும்: கர்ஸ். கர்ஸ்டு எனர்ஜி, கர்ஸ்டு ஸ்பீச், கர்ஸ்டு டூல். அதையே தமிழில் எழுத முனைகிறவர்கள் 'சபிக்கப்பட்ட சக்தி', 'சபிக்கப்பட்ட பேச்சு' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெருடும். சக்தியை யார் சபித்தார்கள்? ஜப்பானிய மூலத்தில் அந்தப் 'பட்ட' கிடையாது. ஆங்கிலம் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது அது. சின்ன ஒட்டுதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை, ஏனென்றால் ஜுஜுட்சு கைசென் 0 கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. முடிவையும் சொல்லப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கெகே அகுடாமி 2017இல் நான்கு அத்தியாயங்களில் வரைந்த படக்கதைக் குறுந்தொடர் இது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஷோனென் ஜம்ப் வார இதழில் ஜுஜுட்சு கைசென் பெருந்தொடர் தொடங்கி 2024 செப்டம்பர் வரை ஓடியது. பழைய குறுந்தொடர் '0' என்ற எண்ணோடு தனி நூலாகி, மாப்பா ஸ்டுடியோவின் கையில் படமாகி, 2021 டிசம்பர் 24 அன்று ஜப்பானில் வெளியானது. கதையில் இறுதிப் போர் நடப்பதும் ஒரு டிசம்பர் 24 அன்றுதான்.

நாயகன் யூட்டா ஒக்கொட்சு, பள்ளியில் எல்லோரும் கிள்ளுக்கீரையாக நினைத்து அடிக்கும் பையன். சிறுவயதில் ரிக்கா என்ற தோழி அவனிடம் மோதிரம் கொடுத்து, பெரியவர்களானதும் கல்யாணம் செய்துகொள்வோம் என்று வாக்கு வாங்குகிறாள். அப்புறம் அவன் கண் முன்னாலேயே வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். அன்றிலிருந்து அவள் பயங்கர உருவெடுத்து அவனை விட்டு நீங்காமல் இருக்கிறாள். அவனை யார் தொட்டாலும் நொறுக்கிவிடுகிறாள். அவளை அவனைப் பற்றிக்கொண்ட 'நோரோய்' என்கிறார்கள்.

சரி, நோரோய் என்றால் என்ன? நம் அகராதிப்படி சாபம். ஆனால் அதன் உள்ளே 'நோரு' என்ற பழைய வினை இருக்கிறது என்று ஜப்பானிய மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள். நோரு என்றால் கனத்த சொல்லை வெளிப்படச் சொல்லுதல், தெய்வத்தின் முன் நின்று சொல்வதுபோல அறிவித்தல். அதையே திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்கும் பழைய விகுதி சேர்ந்து 'நோரோஉ' ஆனது. அதாவது ஓயாமல் சொல்லிச் சொல்லி ஒருவர் மேல் ஏற்றுவது. ஷிண்டோ கோயில்களில் பூசகர் ஓதும் வாசகத்துக்கு 'நோரிதோ' என்று பெயர். வழிபாட்டுக்கான சொல் 'இனோரி'. போர்க்களத்தில் வீரன் தன் பெயரை முழங்குவது 'நானோரி'. எல்லாவற்றிலும் அதே நோரி. வேண்டுவதும் சபிப்பதும் பெயர் சொல்வதும் ஒரே வேரில் கிளைத்தவை. அனிமேயில் போராளிகள் தங்கள் வித்தை எப்படி வேலை செய்கிறது என்று எதிரியிடமே விளக்குவதையும், அப்படி விளக்கினால் வித்தையின் வலு கூடுவதையும் பார்த்திருப்பீர்கள். சொன்னால் வலு ஏறும் என்ற அந்த விதி நோரு என்ற சொல்லுக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நோரோய் என்பதை எழுதும் சீன எழுத்தின் இடப்பக்கம் ஒரு சின்னச் சதுரம். அது வாய். வாழ்த்துக்கான எழுத்தில் வலப்பக்கம் அப்படியே இருக்க, வாய்க்குப் பதில் தெய்வ பீடத்தின் குறி நிற்கும். சாபமும் வாழ்த்தும் எழுத்திலும் உடன்பிறப்புகள். 7ஆம் நூற்றாண்டில் ஷுவான்சாங் இதய சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்தபோது 'மந்திரம்' என்ற வடசொல்லுக்கு எடுத்துக்கொண்ட எழுத்தும் இதுவே. ஜப்பானிய பௌத்தக் கோயில்களில் இன்றும் அதை ஓதுகிறார்கள், யாரையும் சபிக்க அல்ல. இதே எழுத்தை 'மஜினாய்' என்றும் வாசிப்பார்கள். விழுந்து அடிபட்ட குழந்தையைத் தடவி, வலியே பறந்து போ என்று அம்மா சொல்கிறாளே, அது மஜினாய். ஒரே எழுத்து, அம்மாவின் வாயில் ஒன்று, பகைவனின் வாயில் வேறொன்று.

இந்த எழுத்தின் சீன வழி ஒலிதான் 'ஜு'. ஜுட்சு என்றால் கலை, நுட்பம். இரண்டும் சேர்ந்து ஜுஜுட்சு. இங்கே தமிழ் எழுத்துக்கு உள்ள ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும். ஆளைப் பிடித்துக் கீழே தள்ளும் தற்காப்புக் கலை வேறு, அது நெடிலில் தொடங்கும் ஜூஜுட்சு. அந்த 'ஜூ'வுக்கு மென்மை என்று பொருள். ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நமக்குக் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்து, அதனால் சரியாக எழுதினாலே போதும். ஜுஜுட்சு என்பதை 'சாபக்கலை' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் ஜப்பானியத்தில் மாந்திரீகத்துக்கான பொதுச்சொல்லே அதுதான், நன்மைக்குச் செய்தாலும் தீமைக்குச் செய்தாலும். ஆகவே மாந்திரீகம் என்பதே பொருந்தும். ஜுஜுட்சுஷி மாந்திரீகர். அதே வித்தையை ஆளைக் கெடுக்கப் பயன்படுத்தும் 'ஜுசோஷி'யை நம் ஊரில் எப்போதோ சூனியக்காரர் என்று பிரித்துச் சொல்லிவிட்டோம்.

இப்போது நம் பக்கம். சாபம் வடசொல். 'சப்' என்ற வேர், ஆணையிட்டுச் சொல்லுதல் என்று பொருள். சபதம், சாபம், சபித்தல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. நோரோயும் நோரிதோவும் போலவே இங்கும் உறுதிமொழியும் கெடுக்கும் மொழியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அகுடாமியின் கதையில் சாபத்துக்கு அடுத்தபடி முக்கியமானது 'ஷிபாரி', அதாவது தனக்கோ பிறருக்கோ கட்டுப்பாடு விதித்துக்கொண்டு அதனால் வலு பெறும் உறுதிமொழி. சாபமும் சபதமும் ஒரு கதைக்குள் ஏன் இவ்வளவு இயல்பாகக் கூடி நிற்கின்றன என்று ஒரு தமிழ் வாசகருக்கு இந்த இரண்டு சொற்களே சொல்லிவிடும். ஷிபாரிக்கு நேர்ப்பொருள் 'கட்டு'. வாய்க்கட்டு, மந்திரக்கட்டு என்று நம் மாந்திரீகத்திலும் கட்டுதான். அங்கே மொழிபெயர்ப்பு என்ற வேலையே இல்லை.

சங்கப் பாடல்களில் வரும் சாபத்துக்கு வில் என்று பொருள், அது வேறு வடசொல். சபிக்கும் சாபம் சிலப்பதிகாரத்தில் தெளிவாக வருகிறது. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பழைய கதையைச் சொல்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதனாக இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி, உயிரை விடும்போது ஒரு சொல் சொல்லிவிட்டு விழுந்தாள். 'விழுவோள் இட்ட வழுவில் சாபம் பட்டனிர்' என்கிறது தெய்வம். ஒரே அடியில் இட்ட, பட்டனிர் இரண்டும் நிற்பதைப் பாருங்கள். தமிழில் சாபத்துக்கு இரண்டு முனை உண்டு, ஒருவர் இடுகிறார், இன்னொருவர் படுகிறார். இன்றைய பேச்சிலும் 'வயிறெரிஞ்சு சாபம் விட்டா' என்று விட்டவளைத்தான் முதலில் சொல்கிறோம். 'சபிக்கப்பட்ட' என்று எழுதும்போது இட்டவர் காணாமல் போய்விடுகிறார்.

இவ்வளவு காலம் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு தீமொழி, கெடுமொழி என்று புதிதாகத் தேட வேண்டுமா? தனித்தமிழ் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த இரண்டும் வசவு அளவில் நின்றுவிடுகின்றன. வசவு காதோடு போகும், சாபம் பலிக்க வேண்டும். நோரோய்க்கு நான் சாபம் என்றே எழுதுவேன். 'ஜுர்யோகு'வைச் சாப ஆற்றல் என்றால் போதும். கதையில் அது மனிதர்களின் அச்சம், வெட்கம், வெறுப்பு, வருத்தம் இவற்றிலிருந்து ஊறும் ஆற்றல், யாரும் சபித்ததால் வந்ததல்ல. 'சாபவலி' என்ற சொல்லாக்கம் மேல் எனக்கு ஓர் ஆசை இருக்கிறது, வலி என்றால் பழந்தமிழில் வலிமை, இன்று நோவு, இரண்டும் இந்த ஆற்றலுக்குப் பொருந்தும். ஆனால் இன்றைய வாசகருக்கு நோவு மட்டுமே முதலில் கேட்கும் என்பதால் வற்புறுத்த மாட்டேன். பெருந்தொடரில் வரும் நோபாரா வைக்கோல் பொம்மையில் ஆணி அடிக்கிறாளே, அது சாபம் ஆகாது. நடுநிசி தாண்டிக் கோயில் மரத்தில் வைக்கோல் பொம்மையை வைத்து ஆணி அறையும் பழைய ஜப்பானிய வழக்கத்திலிருந்து வந்தது அது. கியோட்டோவின் கிஃபுனே கோயிலோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். கையால் செய்வதற்கு நம்மிடம் செய்வினை என்ற சொல் இருக்கிறது. 'ஜுரெய்' எனப்படும் உருவங்களுக்குப் பேய் என்ற சொல் போதாது, பெரும்பாலானவை செத்தவர்களின் ஆவி அல்ல, மனிதரின் கசப்பு திரண்டு உருவானவை. அணங்கு என்ற சொல்லை அங்கே மீட்டெடுக்கலாம். அணங்கு என்றாலே வருத்துவது.

எனக்கு மிகப் பிடித்த இடம் யூட்டாவோடு மாந்திரீகம் படிக்கும் தோகே இனுமாகி. அவன் வாயிலிருந்து வரும் சொல் பலித்துவிடும். நில் என்றால் நிற்பார்கள், நொறுங்கு என்றால் நொறுங்குவார்கள். அதனால் நண்பர்களுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதென்று சோற்றுருண்டைக்குள் வைக்கும் பண்டங்களின் பெயரை மட்டுமே பேசுகிறான். ஷாகே என்றால் ஆமாம், ஒகாகா என்றால் இல்லை. முதல் தடவை பார்க்கும்போது வேடிக்கையாக இருக்கும், காரணம் தெரிந்தபின் அந்தப் பையன்மேல் பாசம் வந்துவிடும். அவன் நாக்கில் ஒரு முத்திரை இருக்கிறது. எங்கள் பாட்டி பார்த்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்: கருநாக்கு. சொன்னது பலித்துவிடும் நாக்கை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவன் வித்தையான 'ஜுகோன்' என்பதற்கு இன்னும் உயர்ந்த சொல் திருக்குறளில் இருக்கிறது. 'நிறைமொழி மாந்தர்' என்ற 28ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், அருளிக் கூறினாலும் வெகுண்டு கூறினாலும் அவ்வப் பயனைத் தந்தே விடும் மொழி நிறைமொழி என்கிறார். வாழ்த்தாகவும் சாபமாகவும் ஒரே வாய்மொழி நிற்க முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன சொல் எனக்குத் தெரியவில்லை. 'சபிக்கப்பட்ட பேச்சு' இருந்த இடத்தில் நிறைமொழி என்று வைத்துப் பாருங்கள், இனுமாகியின் மௌனத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும்.

சாபத்துக்கும் வழிபாட்டுக்கும் உள்ள நெருக்கத்தை யூட்டாவின் குலத்திலேயே வைத்திருக்கிறார் அகுடாமி. அவன் சுகவாரா நோ மிச்சிசானேயின் வழிவந்தவன் என்று அவனுடைய மாந்திரீக ஆசிரியர் கோஜோ கண்டுபிடித்துச் சொல்கிறார். மிச்சிசானே வரலாற்று மனிதர், பெரும் புலவர், அமைச்சர். வீண்பழியால் 901இல் கியோட்டோவிலிருந்து தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு 903இல் அங்கேயே இறந்தார். பிறகு அரச குடும்பத்தில் சாவுகள் தொடர்ந்தன, 930இல் அரண்மனை மண்டபத்தில் இடி விழுந்து ஆட்கள் மாண்டார்கள். எல்லாம் அவருடைய சீற்றம் என்று நம்பி, கோயில் கட்டித் தெய்வமாக்கினார்கள். இன்று ஜப்பானிய மாணவர்கள் தேர்வுக்கு முன் போய் வேண்டிக்கொள்ளும் கல்வித் தெய்வம் தென்ஜின் அவர்தான். வாயும் பீடமும் இடம் மாறிய கதை.

யூட்டாவிடம் திரும்புவோம். படம் முழுக்க அவன் தன்னைச் சாபம் பட்டவன் என்றே நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடைசியில் கோஜோ உண்மையை உடைக்கிறார். ரிக்கா அவனைப் பற்றிக்கொள்ளவில்லை. அடிபட்டுக் கிடந்தவளைப் பார்த்து அவள் சாவை மறுத்த அந்தச் சிறுவனே அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்தான். சாபம் இட்டவன் அவன். பட்டவள் ரிக்கா. ஜப்பானியத்தில் சாபத்தோடு சேரும் வினை 'காகெரு', ஒருவர் மேல் இடுவது. கோஜோவின் விளக்கத்தில் 'காகெதா' பக்கம், 'காகெராரெதா' பக்கம் என்று இரண்டும் வருகின்றன. அப்படியே நம் இட்டவரும் பட்டவரும். இட்டவன் தானே கட்டை அறுத்துவிட்டான், பட்டவள் அவனுக்குத் தண்டனை கேட்கவில்லை, ஆகவே 'கைஜு' முடிந்தது என்கிறார் கோஜோ. கைஜுவுக்குச் சாப விமோசனம் என்று நாம் யோசிக்காமலே சொல்லிவிடுவோம். சாப விடுதலை என்றாலும் நன்று. ரிக்கா பழைய சிறுமியாக மாறி நிற்கிறாள். தன்னால்தான் இத்தனையும் என்று யூட்டா அழும்போது, உயிரோடு இருந்ததைவிட இந்த ஆறு வருடம் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள், பட்டவள்.