'காட்' என்றால் மலையா?

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆங்கிலத்தில் வெஸ்டர்ன் காட்ஸ் என்கிறார்கள். இந்தக் 'காட்' என்ற சொல்லுக்கு முதலில் மலை என்ற பொருளே கிடையாது. படிக்கட்டு, ஆற்றில் இறங்கும் துறை, மலையில் ஏறி இறங்கும் வழி, இவைதான் அதன் பொருள். சமஸ்கிருதத்தின் 'கட்ட' என்ற சொல்லிலிருந்து இந்திக்கும் மராத்திக்கும் வந்தது. காசியில் மணிகர்ணிகா காட், தசாசுவமேத காட் என்கிறார்களே, அதே காட்தான். அங்கே கங்கைக்கு இறங்கும் படித்துறை.

மராத்தி பேசுகிறவர்கள் இன்றும் இதைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலைக்குப் பெயர் சஹ்யாத்ரி, அதில் ஏறும் வழிக்குப் பெயர் காட். மும்பையிலிருந்து புனேவுக்கு ஏறும் வழி போர் காட், நாசிக் பக்கம் ஏறுவது தல் காட், சாதவாகனர் காலக் கல்வெட்டுகள் இருக்கிற பழைய வணிகப் பாதை நானே காட். கொங்கணக் கரையில் இறங்கிய ஐரோப்பியர்கள், உள்நாட்டுக்குப் போகும் ஒவ்வொரு வழியும் ஏதோ ஒரு காட் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மலை முழுவதற்கும் அதையே பெயராக்கி விட்டார்கள். வரைபடத்தில் ஏறிய பிறகு யார் மாற்றுவது? அப்புறம் கிழக்கே இருக்கிற மலைகளுக்கும் அதே பெயர் போனது. சஹ்யன் என்ற அழகான பெயர் இருந்தும் மலையாளத்தில் இன்று 'பஸ்சிமகட்டம்' என்றே அதிகம் எழுதுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பால்காட் என்று ஆங்கிலேயர் எழுதியதைப் பார்த்து அதுவும் இந்தக் 'காட்' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஊர் பாலக்காடு. அதில் இருப்பது நம்முடைய காடு.

பெயர் தவறாக ஒட்டியதுதான். ஆனாலும் இந்த மலை பிறந்த விதத்துக்கு 'படி' என்ற பொருள் வியக்கும்படி பொருந்துகிறது. இமயமலை இரண்டு கண்டத்தட்டுகள் மோதி, இடையில் இருந்த பாறை அடுக்குகள் மடிந்து எழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அப்படி வந்ததில்லை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மடகாஸ்கர் பிரிந்தபோது நிலம் கிழிந்தது, கிழிந்த ஓரம் மெல்ல உயர்ந்தது, உயர்ந்த ஓரத்தைக் கடல் பக்கத்திலிருந்து மழையும் ஆறுகளும் அரித்து அரித்துச் சுவராக்கின. அதாவது இது தக்காணப் பீடபூமியின் மேற்கு விளிம்பு. கொங்கணத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் செங்குத்தான மலை, கிழக்கே மேட்டு நிலத்திலிருந்து வந்தால் பல இடங்களில் மலை ஏறிய உணர்வே இருக்காது. கிருஷ்ணா மகாபலேஸ்வரத்திலும் கோதாவரி திரியம்பகத்திலும், அரபிக்கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் பிறந்தும், நாட்டைக் குறுக்கே கடந்து வங்காள விரிகுடாவுக்குப் போவது, பீடபூமி கிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால்தான்.

மகாராஷ்டிரப் பகுதியில் இன்னொன்றும் நடந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு நிலத்தைப் பிளந்துகொண்டு திரும்பத் திரும்ப வழிந்து, அடுக்கடுக்காக உறைந்தது. கெட்டியான அடுக்கு நிற்கும், இளகிய அடுக்கு கரையும், அதனால் மலைச்சரிவே படிக்கட்டாகத் தெரியும். இந்தப் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர் தக்காண டிராப். அந்த 'டிராப்' பொறி என்ற பொருளில் வந்ததில்லை, படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. ஒரே மலைக்கு இரு வேறு மொழிகள் கொடுத்த பெயரிலும் படி இருக்கிறது. நீலகிரி, ஆனைமலைப் பக்கம் இந்த எரிமலைப் பாறை கிடையாது, அங்கே இருப்பது அதைவிடப் பல மடங்கு பழைய, பூமியின் ஆழத்தில் வெந்து உருவான சார்னோகைட் பாறை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஒரே சொல்லால் முடியாது, தேவையும் இல்லை. ஆற்றங்கரைக் காட் என்றால் படித்துறை. மலையைக் கடக்கும் இடைவழி என்றால் கணவாய். ஊட்டிக்கோ கொல்லிமலைக்கோ போகிற காட் ரோடு என்றால் மலைப்பாதை. மலைக்கு என்றால் குடமலை என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. குடக்கு என்றால் மேற்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை, குடமலையில் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் குறிப்பிடுகிறது. எழுத்தில் இதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். பேச்சில் மேற்குத் தொடர்ச்சி மலை ஊறிவிட்டது, இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாயை விட்டால் பெரும்பாலும் தொடர்ந்துதான் போகிறது.

'கிழக்குத் தொடர்ச்சி மலை'தான் எனக்கு ஒப்பவில்லை. அங்கே தொடர்ச்சி எங்கே இருக்கிறது? மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் அறுத்துப் போட்ட மலைகள் அவை. மேற்கு விளிம்பைவிட மிகப் பழைய மலைகள் தேய்ந்து தேய்ந்து நின்ற மிச்சம். ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று தமிழ்நாட்டிலேயே தனித்தனிக் கூட்டங்களாக நிற்கின்றன. கிழக்கு மலைகள் என்று பன்மையில் எழுதினாலே போதும்.