ஜீனைத் திட்டுவதற்கு முன் பி12 பாருங்கள்

"டாக்டர், எனக்கு மெத்திலேஷன் சரியா நடக்கலையாம். ஜீன்லயே கோளாறாம்."

ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடிமனான ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு இப்படிச் சொல்பவர்கள் கொஞ்ச நாளாக அதிகமாகிவிட்டார்கள். எச்சில் சாம்பிளை கூரியரில் அனுப்பியிருப்பார்கள், ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருப்பார்கள். ரிப்போர்ட்டின் நடுவில் எம்டிஎச்எஃப்ஆர் என்ற ஜீனுக்கு எதிரே சிவப்பு நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். கூடவே மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைப் பட்டியலும் வந்திருக்கும். சோர்வு, மறதி, மனச்சோர்வு, கருச்சிதைவு, மைக்ரேன், முடி கொட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்புக் கட்டம்தான் காரணமாம்.

சென்ற வாரம் வந்த அம்மாவுக்குப் பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை. பிறந்ததிலிருந்து சைவம். பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை', அதுவும் வருடக்கணக்கில். ஒன்றரை வருடமாகப் பாதம் மரத்துப்போயிருக்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடப்பதே தெரிவதில்லை, மருமகள்தான் எடுத்து வந்து தருகிறாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அதிராமல் பேசுபவர், இப்போது சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார், காரணமில்லாமல் அழுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார். ஒரு இடத்தில் 'சுகர் நரம்பு' என்றார்கள், இன்னொரு இடத்தில் 'வயசாகுது' என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஜீன் டெஸ்ட் எடுக்க வைத்து, அதில் சொன்னபடி அதிக டோஸ் மெத்தில்ஃபோலேட் (ஃபோலேட் என்ற பி வைட்டமினின் ஒரு வடிவம்) கேப்சூல் அனுப்பியிருந்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கால் இன்னும் மோசம்.

நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது. விரல் முட்டிகள் கறுத்திருந்தன. கால் கட்டைவிரல் எலும்பில் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி வைத்தால் அதிர்வே தெரியவில்லை, கணுக்காலிலும் இல்லை. ரத்தத்தில் வைட்டமின் பி12 எடுத்துப் பார்த்தால் மில்லிலிட்டருக்கு நூறு பிகோகிராமுக்கும் கீழே, மிகக் குறைவு. இவ்வளவு சோதனைக்கும் ஆன செலவு அந்த ஜீன் ரிப்போர்ட்டின் கூரியர் செலவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

மெத்திலேஷன் பொய் என்று சொல்லவில்லை. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் என்ற சின்னத் துண்டை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை அது. டிஎன்ஏ மேல் குறி வைப்பது, நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறையைப் பராமரிப்பது, அட்ரினலின் தயாரிப்பது, வேலை முடிந்த டோபமினை அப்புறப்படுத்துவது என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அது கெட்டால் கால் மட்டும் அல்ல, மனசும் கெடும். அதனால்தான் மரத்துப்போன பாதமும் காரணமில்லாத அழுகையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன.

இந்த வேலை ஒரு கைமாற்றுச் சங்கிலி மாதிரி. ஃபோலேட் மெத்திலை பி12-இடம் கொடுக்கும், பி12 அதை ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திடம் கொடுக்கும், ஹோமோசிஸ்டீன் மெத்தியோனின் ஆகும். அதிலிருந்து பிறக்கிற எஸ்-அடினோசில் மெத்தியோனின்தான் உடம்பு முழுக்க மெத்தில் வழங்குகிறது. நடுவில் பி12 இல்லையென்றால் ஃபோலேட் மெத்திலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நிற்கும். இன்னும் நாலு பங்கு மெத்தில்ஃபோலேட் கொட்டினால் நிற்பவர்கள் கூட்டம்தான் கூடும். அந்த அம்மாவுக்குக் கொடுத்தது அதைத்தான்.

இப்போது அந்த ஜீன் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன்.

எம்டிஎச்எஃப்ஆர் என்பது ஃபோலேட்டை மெத்தில்ஃபோலேட்டாக மாற்றும் என்சைம். அதன் ஜீனில் 677-ஆவது இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கலாம் என்று 1995-இல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தவர்களுக்கு என்சைமின் வேகம் சுமார் முப்பது சதவீதமாகக் குறைகிறது. கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே ஆளின் ரத்தத்தில் ஃபோலேட் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு சுமார் 16 சதவீதம். கீரை, பயறு சாப்பிட்டாலோ சாதாரண ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டாலோ ஈடுகட்டிவிடும் வித்தியாசம் இது. ஹோமோசிஸ்டீன் கொஞ்சம் ஏறுகிறது, அதுவும் பெரும்பாலும் ஃபோலேட் குறைவாக உள்ளவர்களிடம்தான். ஒரே பக்கத்திலிருந்து மட்டும் மாற்றம் வந்தவர்களுக்கு இதுகூடக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நம்மூர் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் சிவப்பில் வருவது 677 கூட இல்லை, 1298 என்ற இன்னொரு இடம். அது இந்தியர்களிடம் மிகச் சாதாரணம். இதைப் படிக்கிற உங்களில் கணிசமானவர்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கலாம். தனியாக இருந்தால் அது செய்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூக்கு கொஞ்சம் நீளமாக இருப்பதற்குச் சிவப்புக் கட்டம் போட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது. ரத்த உறைவுக்கோ தொடர் கருச்சிதைவுக்கோ காரணம் தேடும்போது எம்டிஎச்எஃப்ஆர் டெஸ்டை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-லேயே சொல்லிவிட்டது. பத்து வருடத்துக்கும் மேல் கழித்து இங்கே அதைப் புதுக் கண்டுபிடிப்பு போல விற்கிறார்கள்.

'ஹோமோசிஸ்டீன் அதிகம் இருந்தால் ஹார்ட் அட்டாக் வரும் என்கிறார்களே, அதைக் குறைத்தால் வராதே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கானவர்களுக்கு பி வைட்டமின் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2006-இல் வெளிவந்தன. ஹோமோசிஸ்டீன் நன்றாக இறங்கியது, ஹார்ட் அட்டாக் இறங்கவில்லை. இன்னொன்று, ஹோமோசிஸ்டீன் சாம்பிளை ஐஸில் வைத்துச் சீக்கிரம் பிரிக்க வேண்டும். வெயிலில் வேனில் சுற்றிவிட்டு லேபுக்குப் போனால் ட்யூபுக்குள்ளேயே அளவு ஏறிவிடும். கேம்ப்பில் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டிப் பயப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது ரத்தம் எங்கே எடுத்தார்கள், லேப் எங்கே என்பதுதான். கிட்னி பழுதும் தைராய்டு குறைவும்கூட அதை ஏற்றும்.

'நீங்கள் அண்டர்மெத்திலேட்டர், நீங்கள் ஓவர்மெத்திலேட்டர்' என்று, அதாவது மெத்திலேஷன் குறைவாக நடப்பவர், அதிகமாக நடப்பவர் என்று ஆட்களைப் பிரித்து மனநலத்துக்கு மருந்து சொல்கிறவர்களும் வந்துவிட்டார்கள். மனநல மருத்துவத்தில் அப்படி ஒரு நோய்ப் பிரிவு கிடையாது. மனச்சோர்வு மருந்துக்குச் சரியாகப் பலன் தெரியாதவர்களில், அந்த மருந்தோடு சேர்த்து 15 மில்லிகிராம் மெத்தில்ஃபோலேட் கொடுத்தபோது சிலருக்கு முன்னேற்றம் தெரிந்த ஆய்வு உண்டு, மறுக்கவில்லை. 'சேர்த்து' என்பதை இரண்டு தடவை படியுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு அல்ல. இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் 'சாமி' என்று ஆன்லைனில் விற்கப்படும் அந்த எஸ்-அடினோசில் மெத்தியோனினைத் தானாக வாங்கிப் போட்டால் மேனியா என்ற கட்டுமீறிய உற்சாக நிலை கிளம்பிவிடலாம். தூக்கமே இல்லாமல், ஊரெல்லாம் கடன் வாங்கி, கடைசியில் குடும்பம் தூக்கிக்கொண்டு வரும் நிலையைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கோபம் புரியும்.

சரி, பி12-க்கு வருகிறேன்.

'ஹீமோகுளோபின் நார்மல், அதனால் பி12 குறைவாக இருக்காது' என்று நினைக்காதீர்கள். 1988-இல் லிண்டன்பாம் என்ற மருத்துவர் குழு பி12 குறைவால் நரம்பு, மனநலப் பாதிப்பு வந்த 141 பேரைப் பார்த்தது. 28 சதவீதம் பேருக்கு ரத்தசோகையும் இல்லை, சிவப்பணு பெரிதாகவும் இல்லை. நம்மூரில் இன்னொரு சிக்கல் உண்டு. பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும், இரும்புச்சத்து குறைந்தால் சிறிதாகும். இரண்டும் சேர்ந்தால் ரிப்போர்ட்டில் சராசரி அழகாக நார்மல் என்று வரும்.

ரத்தம் குறைவு என்று கடையில் கேட்டு வாங்கும் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் இன்னும் ஆபத்து. ரத்தம் ஏறும், முகம் தெளியும், உள்ளே தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். 1940-களின் பிற்பகுதியில், ஃபோலிக் ஆசிட் புதிதாக வந்த காலத்திலேயே மருத்துவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிடை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கும் என்று 1991-இலேயே உறுதியானது சாதாரண ஃபோலிக் ஆசிட்தான். 'மெத்தில் வகைதான் வேலை செய்யும்' என்று சொல்லி அதை நிறுத்தச் சொல்கிறவர்களிடமிருந்து விலகி இருங்கள்.

யாருக்குக் குறையும்? சைவர்களுக்கு. பழைய சோற்றில் பி12 இருக்கிறது, முருங்கைக்கீரையில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று வரும் ஃபார்வர்டுகளை நம்பாதீர்கள். பழைய சோறு சாப்பிடுங்கள், நல்லதுதான், பி12-க்காக அல்ல. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். ஒரு பெரிய டம்ளர் பால் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் தரும், ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை. காபியில் விடுகிற பால் கணக்கில் வராது. 'நான் அசைவம்தானே' என்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிக்கன் சாப்பிடுவது இந்த விஷயத்தில் பெரிய அசைவம் இல்லை, சிக்கனில் பி12 குறைவு. மத்தி, நெத்திலி, முட்டை, ஈரல் என்றால் பேச்சு வேறு.

அப்புறம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், வருடக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், வயிற்றிலோ சிறுகுடலின் கடைசிப் பகுதியிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மெட்ஃபார்மினை நீங்களே நிறுத்த வேண்டாம். வருடம் ஒருமுறை பி12 பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

டெஸ்டுக்கு முன் மருந்துக்கடையில் 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போடாதீர்கள். பத்து நாள் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு உயர்ந்து வரும், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். போட்டுவிட்டீர்களா, பரவாயில்லை, ரத்தம் எடுப்பவரிடம் அல்ல, மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தில்மலோனிக் ஆசிட் என்ற இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, 200-க்கும் 300-க்கும் நடுவில் நின்று குழப்பும் பி12 அளவுகளுக்கு அது உதவும். அந்த நரம்பு மாத்திரைகளில் பல பி6-ஐ அதிகமாகத் திணித்தவை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி6-ஏ நரம்பைக் கெடுக்கும். கால் எரிச்சலுக்காக மாத்திரை, மாத்திரையால் கால் எரிச்சல் என்று சுற்றிக்கொண்டிருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

'சயனோகோபாலமின் என்ற பி12 வகையில் சயனைடு இருக்கிறதாமே?' ஆயிரம் மைக்ரோகிராமில் சுமார் இருபது மைக்ரோகிராம், கிட்னி ஆரோக்கியமாக இருந்தால் பொருட்படுத்த வேண்டிய அளவே இல்லை. மெத்தில்கோபாலமின் என்ற இன்னொரு பி12 வகையை வாங்கினாலும் செல்லுக்குள் போனதும் அந்த மெத்தில் கழற்றப்பட்டு, தேவைக்கேற்ப புதிதாக மாட்டப்படுகிறது. லேபிளில் மெத்தில் என்று எழுதியிருப்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பது உங்கள் இஷ்டம்.

அந்த அம்மாவுக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று, அதற்குப் பிறகு மாதம் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். என் அனுபவத்தில் அழுகையும் எரிச்சலும் சில வாரங்களில் அடங்கும், மறதி கொஞ்சம் தாமதமாகத் தெளியும். பாதம் எவ்வளவு திரும்பும் என்பது எத்தனை மாதம் வீணாக்கினோம் என்பதைப் பொறுத்தது. ஒன்றரை வருடம் என்பது சின்னக் காலம் இல்லை. அதை அவரிடமும் மறைக்கவில்லை.

கடைசியாக இளம் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு தரும் இரும்பு, ஃபோலிக் மாத்திரையில் பி12 கிடையாது. கர்ப்பத்தில் சைவ உணவு மட்டும் என்றால் முதல் செக்கப்பிலேயே பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த ஆறு மாதம் தாண்டிய குழந்தை சிரிப்பதை நிறுத்தினால், உட்கார்ந்துகொண்டிருந்தது மறுபடி சாய ஆரம்பித்தால், விரல் முட்டி கறுத்து முடி செம்பட்டையாகி உதிர்ந்தால், கை நடுங்கினால், 'பால் பத்தலை' என்றோ 'திருஷ்டி' என்றோ தள்ளிப்போடாமல் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய், அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.