போரில் சிக்கும் எதிரிப் பொருள்: எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது?

எதிரி விட்டுப்போன டாங்கி, லாரி, பெட்ரோல் கையில் கிடைத்தால் அதே போரில் பயன்படுத்தலாமா? தாராளமாகப் பயன்படுத்தலாம். போர்ச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அது எடுத்த சிப்பாயின் சொத்தல்ல, அவருடைய அரசின் சொத்து. வீட்டுக்குக் கொண்டுபோக உரிமை கிடையாது.

இதன் அருமை இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தெரிந்தது. பிரிட்டிஷ் படையின் மெல்லிய தகர டின்கள் வழியிலேயே ஒழுகி எரிபொருள் வீணாகும். ஜெர்மானியரின் 20 லிட்டர் கேன் ஒழுகாது. கிடைத்த இடத்திலெல்லாம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைப் பொறுக்கிக்கொண்டார்கள். அங்கே ஜெர்மானியப் படைக்குத் தலைமை தாங்கிய ரோம்மல் பயன்படுத்திய கட்டளை வண்டியே பிரிட்டிஷாரிடம் பிடித்ததுதான்.

பிடித்த வண்டியில் அடையாளத்தை மாற்றுவது முக்கியம். 1941 ஜனவரியில் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தைத் தாக்கிய ஆஸ்திரேலியர்கள், இத்தாலிய டாங்கிகளில் பெரிய வெள்ளைக் கங்காருவை வரைந்த பிறகே ஓட்டினார்கள். இல்லையென்றால் சொந்தப் படையே சுட்டுவிடும். சட்டமும் அந்தப் பக்கம்தான்: எதிரியின் கொடி, சின்னம், சீருடையை முறைகேடாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது போர் முறை பற்றிய 1907 ஹேக் உடன்படிக்கையின் விதி. தாக்கும்போது அவற்றை அணியவே கூடாது என்று, ஜெனீவா ஒப்பந்தங்களுடன் பின்னர் சேர்க்கப்பட்ட 1977 கூடுதல் நெறிமுறை தெளிவாக்கியது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனால் போரில் காயம்பட்டவர்களையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்கும் 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் இந்தியாவைக் கட்டுப்படுத்தும். அவற்றுக்காக 1960-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

அந்த ஒப்பந்தங்களில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது, சரணடைந்தவரின் உடைமை பற்றிய பகுதி. அவரிடமிருந்து ஆயுதத்தையும் ராணுவ ஆவணங்களையும் வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட்டும் வாயு முகமூடியும் அவரிடமே இருக்க வேண்டும். உடுப்பு, சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் குப்பி ஆகியவை ராணுவம் கொடுத்தவையாக இருந்தாலும் பிடுங்கக் கூடாது. வெயிலில் நிற்கும் கைதியிடம் குப்பியைப் பறிப்பது அவர் உயிரைப் பறிப்பதற்குச் சமம். பதவிச் சின்னம், பதக்கம், குடும்ப நினைவாக வைத்திருக்கும் பொருள் எதையும் எடுக்கக் கூடாது. அவர் ஒருபோதும் அடையாள ஆவணம் இல்லாமல் இருக்கக் கூடாது. பணத்தை எடுப்பதென்றால் அதிகாரியின் உத்தரவு வேண்டும். தொகையைப் பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுப்பவரின் பெயர், பதவி, படைப்பிரிவு தெளிவாகத் தெரியும்படி அதைத் தர வேண்டும்.

நடமாடும் மருத்துவப் பிரிவு சிக்கினால் அதன் மருந்தும் கருவியும் காயம்பட்டவர்கள், நோயாளிகளின் சிகிச்சைக்கு மட்டுமே. ஆம்புலன்ஸை வேறு வேலைக்கு எடுப்பதாக இருந்தால், அதில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிடித்த தரப்புடையது.