18.2 காட்டிய விரல்

டிசம்பர் மாதம் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் வந்தவர்கள் லிச்சிப் பழம் வாங்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். தெருவோரம் காம்போடு கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு கொத்து இருக்கும். மருந்துச் சீட்டு ஈரமாகத்தான் என் கைக்கு வந்து சேரும்.

அப்படி ஒரு காலையில் வாத்தியார் ஐயா பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மொரீஷியஸில் நம் வம்சாவளியினர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல்தான். ஐயா மட்டும் என்னிடம் தமிழில் தவிர பேச மாட்டார். தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அது பெரிய ஆறுதல். அன்றைக்கு அவர் முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, சுகர் மெஷின் 18.2 காட்டுது. காலையிலேர்ந்து ஒரு டீதான், அதுவும் சர்க்கரை இல்லாம. ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கட்டுமா?"

இங்கே ரத்தச் சர்க்கரைக் கணக்கு மில்லிமோலில். 18ஆல் பெருக்கினால் இந்திய மில்லிகிராம் கணக்கு வரும். அதாவது ஏறக்குறைய 328.

சரி, மறுபடி பார்ப்போம் என்று ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டு நானே குத்தினேன். 17.6. இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்துவிட்டதே, இனி என்ன சந்தேகம் என்று நினைத்தேன். அவருடைய டாக்டருக்குப் போன் செய்யக் கை நீட்டியபோதுதான், ஐயா கொடுத்திருந்த ஸ்ட்ரிப் டப்பா என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"ஐயா, லிச்சி சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணு கூட இல்லம்மா. பாப்பாவுக்குத்தான் வழி நெடுக உரிச்சுக் கொடுத்துக்கிட்டு வந்தேன்."

பின்கட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 7.6.

மீட்டருக்குத் தேவைப்படும் ரத்தம் கடுகளவுகூட இல்லை. பழச்சாறு காய்ந்த தோலில் அந்தத் துளி பட்டால், ரத்தத்தின் சர்க்கரையோடு பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண்ணில் ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சு கிருமிக்கு ஆகும். ஒட்டியிருக்கும் சர்க்கரையை எடுக்க அதை நம்ப முடியாது, தண்ணீரில் கழுவ வேண்டும். இதெல்லாம் நான் படித்ததுதான். எதிரில் ஒரு எண் மின்னியதும் படித்தது மறந்துவிட்டது. அன்றைக்கு ஐயா அந்த அதிகப்படி மாத்திரையைப் போட்டிருந்தால், வெறும் வயிற்றோடு வீடு போகும் வழியிலேயே சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நிஜமாகவே சர்க்கரை இறங்கியிருக்க, ஒட்டிய விரல் 'எல்லாம் சரி' என்று காட்டிவிடும்.

அதற்காக எண் உயர்ந்தால் மீட்டரைக் குறை சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். தீராத தாகம், வாந்தி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது இருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உடல் நடுங்கி வியர்த்துக் கொட்டினால், முதலில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

ஐயாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஜனவரியிலிருந்து தினமும் பாகற்காய்ச் சாறு குடித்து வந்தார். இங்கே அதற்கு மார்கோஸ் என்று பெயர். "தைப்பூசத்துக்கு முன்னாடி 12 இருந்தது, ஒரே மாசத்துல 8. மார்கோஸ்தான் காப்பாத்துச்சு. இப்ப அதுவும் கைவிட்டுடுச்சேன்னு பயந்துட்டேன்" என்றார்.

கைவிடவில்லை என்பதை மீட்டர் சொல்லிவிட்டது. ஆனால் காப்பாற்றியது அதுதானா? மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். 12 காட்டிய வாரம் அவருக்குக் காய்ச்சல், சளி. உடம்பில் தொற்று இருந்தால் சர்க்கரை ஏறும், தொற்று போனால் தானாக இறங்கும். அதற்குப் பிறகு காவடி விரதம். பத்து நாள் இறைச்சி கிடையாது, வெளிச் சாப்பாடு கிடையாது, தினமும் கோவிலுக்கு நடை. அந்தப் பழக்கத்தில் நடையைத் தொடர்ந்துவிட்டார். இத்தனையும் நடந்த மாதத்தில் சாறும் உள்ளே போயிருக்கிறது. கசப்பாக இருந்ததால் ஞாபகத்தில் நின்றது அது ஒன்றுதான். வியாதி முற்றி இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியத்துக்குப் போகிறோம். உச்சத்துக்குப் போனது எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தப் பெருமை அப்போது கையிலிருந்த டம்ளருக்குப் போய்விடுகிறது.

அந்த நேரத்தில் கூடவே வேறென்ன மாறியது என்று கேட்பது பாகற்காய்க்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. 1987ல் இந்தத் தீவின் அரசு ஒரு காரியம் செய்தது. ரேஷன் சமையல் எண்ணெய் அதுவரை பெரும்பாலும் பாமாயில். அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992ல் மறுபடி அளந்தபோது மக்களின் ரத்தத்தில் சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதே வருடங்களில் ஆரோக்கியப் பிரசாரமும் நடந்தது, புகைபிடிப்பதும் குறைந்தது, உடல் பருமன் மட்டும் கூடியது. ஒரு நாட்டையே அளந்தவர்களே இவ்வளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாம் ஒரு டம்ளரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

பாகற்காயால் பெரிய கெடுதல் இல்லை. எனக்குப் பயம், பெயர் தெரியாத கேப்சூல்கள் மேல்தான். வாட்ஸ்அப்பில் படம் வரும், 'முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது' என்று. அரளி விதையும் இயற்கைதான், அதைத் தின்று பார்ப்பீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். 2008ல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத சுமார் 150 பேர் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சாப்பிட்டிருந்தது ஆண்மைக்கு என்று விற்கப்பட்ட கள்ள மருந்துகளையும் 'மூலிகை'த் தயாரிப்புகளையும். அவற்றுக்குள் கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கலந்திருந்தது. அதனால் ஒரு மூலிகை மாத்திரை இரண்டே நாளில் சர்க்கரையை மடமடவென்று இறக்கினால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் வருகிறது.

சந்தேகம் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிடுவதும் உண்டு. எங்கள் கடைக்கு வரும் ஒருவர் மருந்துக் கம்பெனி, டாக்டர், நான், யாரையும் நம்ப மாட்டார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்ததும் நிறுத்திவிட்டார். எங்களிடம் ஆதாரம் கேட்ட மனிதர் ஃபார்வர்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும். கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள், மிகவும் தளர்ந்தால் நிறுத்துவார்கள். அதைப் பாதி கேட்டவர்கள் கட்டிய கதை இது. இத்தனைக்கும் அந்த மாத்திரையின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற பூச்செடியை ஆராய்ந்த வழியில் 1922ல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1957ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். மூலிகை என்பவர்களும் ரசாயனம் என்பவர்களும் இதைச் சேர்ந்தே கேட்கலாம்.

ஐயாவிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். ஒன்று, எச்பிஏ1சி பரிசோதனை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். லிச்சித் தோலால் அதை ஏமாற்ற முடியாது. (ரத்தசோகை இருந்தால் அதுவும் தப்பாகக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.) இரண்டாவது, ஒரு நோட்டு. மாத்திரையில் கை வைக்காமல், இரண்டு வாரம் சாற்றோடு, இரண்டு வாரம் சாறில்லாமல், சாப்பாடும் நடையும் முன்பு மாதிரியே. தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும்.

ஜனவரியில் நோட்டோடு வந்தார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தார். சாறு குடித்த வாரங்களுக்கும் குடிக்காத வாரங்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

"இனிமே சாறு வேண்டாம்மா. பொரியலாவே சாப்பிட்டுக்கறேன், அது ருசி."

நோட்டின் கடைசிக் கட்டம் நான் சொன்னதில்லை, அவராகப் போட்டுக்கொண்டது. 'கை கழுவினேனா?' என்று தலைப்பு. டிசம்பர் 25 தவிர எல்லா நாளும் டிக் இருந்தது. அந்த ஒரு நாளில் எண்ணை எழுதி, குறுக்கே அடித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'லிச்சி' என்று எழுதியிருந்தார்.