கொழும்பு–மட்டக்களப்பு: தூரம் ஒன்று, நேரம் வேறு

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு எவ்வளவு தூரம்? பஸ்காரரைக் கேட்டால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பார். ரயில் மாகோ, கல்லோயா என்று சுற்றுவதால் இன்னும் கூட ஓடும். ஆனால் இரத்மலானையில் கிளம்பி, வாவிக்கு மேற்கே திமிலைதீவில் இறங்கும் விமானத்துக்கு ஏறக்குறைய 220 கிலோமீற்றர்தான். நேர்கோடு போட்டால் அது கண்டிக்குச் சற்றுத் தெற்கால் போய், மகியங்கனைப் பக்கம் மலையை விட்டு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கைச் சாதாரண தர மாணவரே போடலாம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே அகலக்கோட்டில் 0.88 பாகை, நெடுங்கோட்டில் 1.79 பாகை வித்தியாசம். நம் பகுதியில் ஒரு பாகை சுமார் 110 கிலோமீற்றர். ஆக வடக்கே 97, கிழக்கே 197. மிச்சத்தைப் பைதகரஸ் பார்த்துக்கொள்வார்: இவ்விரண்டும் பக்கங்களாக உள்ள செங்கோண முக்கோணத்தின் கர்ணம்தான் அந்த 220. லண்டனுக்கு இது சரிவராது. அவ்வளவு தூரத்துக்குப் பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 8,700 கிலோமீற்றர்.

சரி, நேரம்? செஸ்னா கரவன் போன்ற சிறு விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கும். 220ஐ 300ஆல் வகுத்தால் 44 நிமிடம். இணையத்தில் தூரம் தட்டிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த மாதிரி விடைதான். ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போதும் குறைவு, தரையில் உருளும் நேரம் வேறு. அதெல்லாம்கூடப் பெரிய சிக்கல் இல்லை. காற்றுதான் சிக்கல்.

விமானத்தின் அந்த 300 தரையைப் பார்த்து அளந்த வேகமல்ல, தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பார்த்து அளந்தது. நீரோட்டத்தில் போகும் தோணி மாதிரி, காற்று நகர்ந்தால் விமானமும் அதோடு சேர்ந்து நகரும். தென்மேற்குப் பருவத்தில் மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு சூடாக இறங்குகிறதே கச்சான் காற்று, அது மட்டக்களப்புக்கு வரும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். மணிக்கு 50 கிலோமீற்றர் தள்ளினால் 38 நிமிடத்தில் வந்துவிடலாம். திரும்பும்போது அதே காற்று மறிக்கும்: 53 நிமிடம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் போக வர 88 நிமிடம், காற்றோடு 91. போகும்போது கிடைத்தது வரும்போது சரிக்குச் சரியாகக் கழியவில்லை. காரணம், விமானம் எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள் கூடுதல் நேரம் சிக்கிக் கிடக்கிறது. மாரியில் வாடை அடித்தால் வருவதும் போவதும் இடம் மாறும், நட்டம் மாறாது. காற்றும் மணிக்கு 300 என்று வைத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவு: 22 நிமிடத்தில் வந்துவிடலாம், திரும்பிப் போகவே முடியாது!

கச்சான் தந்த நிமிடங்களும் முழுசாகக் கைக்கு வராது. விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அப்போதுதான் தரை தொடும் வேகம் குறையும். மேற்கிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைக் கடந்து, கடல் பக்கம் போய்த் திரும்பி, வந்த திசையைப் பார்த்தபடி இறங்க வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் அங்கே போய்விடும்.