ஒட்டுத் தாரையா, தழுவு தாரையா?

கேரள எல்லையோரக் களியக்காவிளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தான். விமான எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவை, அசையும் தகடு எதுவும் இல்லாமல், காற்றாலேயே திருப்புவது பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் ‘ஒட்டுத் தாரை’, ‘ஒட்டு விளைவு’. தாரை என்றால் பீறிட்டு வரும் ஓட்டம், ஆங்கிலத்தில் ஜெட். படித்து முடித்தவன், “அப்போ அந்தச் சுவருல பசை தடவியிருப்பாங்களா சாரே?” என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. இந்த ‘ஒட்டு’ என் காதில் விழுவதும் முதல் முறை இல்லை.

இந்த ‘ஒட்டு விளைவு’க்கு மூலப்பெயர் கோவாண்டா விளைவு. ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டா (1886–1972) 1930களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் 1800லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பீறிட்டு வரும் தாரை, பக்கத்தில் வளைந்த பரப்பு இருந்தால் அதன் வளைவோடு தானும் வளைந்து போகும்.

ஏன் போகிறது என்பதில்தான் சொல்லின் வழக்கே இருக்கிறது. தாரை தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். சுவர்ப் பக்கம் அந்த இடத்தை நிரப்பப் போதிய காற்று வர முடியாததால் அங்கே அழுத்தம் குறைகிறது. மறுபக்கத்துக் காற்று தாரையைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. சுவர் பிடித்து இழுக்கவே இல்லை. ‘ஒட்டு’ என்றதும் பிடித்து இழுக்கும் வேலை சுவருக்குப் போய்விடுகிறது.

குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகைக் காட்டி இதை விளக்குகிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் நீரின் பரப்பு இழுவிசை. ஈரம் கரண்டியில் உண்மையாகவே ஒட்டுகிறது. நான் பையனிடம் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன் முன்னால் ஒரு உருண்டைப் பாட்டிலை வைத்து ஊதச் சொன்னேன். பாட்டிலுக்குப் பின்னால் இருந்த சுடர் அணைந்தது. பாட்டிலைச் சுற்றித் தடவிப் பார்த்தான், பசை இல்லை.

‘கரையை ஒட்டிப் போகிறது’ என்கிறோமே, அந்த ஒட்டுதானே இது என்று கேட்பார்கள். ஒட்டி என்று எச்சமாக வரும்போது ‘அருகே’ என்ற பொருள் சரி. ஒட்டு என்று பெயராக நின்றால் ஒட்டுமாங்காய், ஒட்டுப்போட்ட சட்டை, பசை, அவ்வளவுதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ‘அட்டாச்’ என்று இருந்ததும் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிடுகிறார்கள். எது எதைத் தள்ளுகிறது என்று யோசிப்பதில்லை.

தழுவு என்பதே பொருத்தம். காற்று மலையைத் தழுவிப் போகிறது என்று யாரும் சொல்வோம். வளைவும் வந்துவிடுகிறது, பசை வருவதில்லை. தழுவல் என்றால் தழுவல் கதை ஆகாதா என்றால், தழுவு தாரை என்று சேர்த்து எழுதினால் ஆகாது. எங்கள் பிள்ளைகள் பாதி மலையாளம் பேசுபவர்கள். மலையாளத்திலும் ஒட்டுக என்றால் ஒட்டுவது, தழுகுக என்றால் மெல்லத் தடவுவது. தாரை வடசொல் ஆயிற்றே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எண்ணெய்த் தாரை தெரியாத வீடு இந்த எல்லையில் இல்லை. பிள்ளைக்குப் புரிகிறது, எனக்கு அது போதும்.

வாயு பீறிட்டு வெளியேறும் முனையான நாசில் என்பதைக் கூம்புமுனை என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லே மூக்கிலிருந்து பிறந்ததுதான். நம்மிடம் கெண்டிக்கு மூக்கு இருக்கிறது. பீச்சுமூக்கு என்றால் என்ன குறை? அதைவிட ‘ஓட்டத்தை ஓட்டுதல்’ என்ற தலைப்பு! வாயுவை யாரும் ஓட்டவில்லை, திருப்புகிறார்கள். பீச்சுமூக்கின் விளிம்பில் வளைந்த சுவர் வைத்து, மெல்லிய பிளவு வழியாகக் காற்றை அதன் மேல் ஊதினால் முதன்மைத் தாரையும் அந்தப் பக்கம் சாயும். தழுவு தாரைத் திருப்பம் என்றே எழுதலாம்.

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் பீச்சுமூக்கின் பக்கவாட்டில் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலைச் செலுத்துவதையும் அந்தக் கட்டுரை ‘ஒட்டு விளைவு’ என்கிறது. அது வேறு வேலை. உள்ளே புகும் கரைசல் அதிர்ச்சி அலை எழுப்பி ஓட்டத்தைத் திருப்புகிறது. அங்கே தழுவலும் இல்லை, ஒட்டும் இல்லை. பக்கச் செலுத்தல் என்று அதற்குத் தனிப் பெயர் வேண்டும். பையனின் தாளில் இரண்டையும் அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.